சொல்லிவிட்டுப் போகிறவர்

கிளம்புகிற ஆளைப் பார்த்து "எங்கே போறீங்க?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே இதையும் சொல்லி வளர்த்துவிடுவார்கள். கண்டக்டர் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இதுவே பெரிய சங்கடமாக இருந்தது. ஊரைக் கேட்காமல் டிக்கெட் கிழிப்பது எப்படி? "டிக்கெட்... டிக்கெட்..." என்று கையை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக நிற்பேன். அவர்களாகப் பார்த்து ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். சில பெரிசுகள் அதையும் காதுக்குள்தான் சொல்லும்.

அப்படிப்பட்ட பஸ்ஸில், கேட்காமலேயே, கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி தான் போகிற இடத்தைச் சொல்லிக்கொண்டு ஏறியவர் அந்த அம்மா ஒருத்தர்தான்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். புதுக்கோட்டைக்கும் கீரனூருக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர், காதர் பாய் டிரைவர். திருக்கோகர்ணத்தில் அந்த அம்மா ஏறுவார். முப்பத்தைந்து வயது இருக்கும். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை, கையில் ஆண்கள் வைத்திருக்கும் நீளமான கறுப்புக் குடை. படியில் ஒரு காலை வைத்ததுமே ஆரம்பித்துவிடுவார்.

"கண்டக்டர், நான் கீரனூர்ல எறங்கி, சந்தைக்குப் பின்னாடி வண்டிப்பட்டறை வச்சிருக்கிற ராமசாமி வீட்டுக்குப் போறேன். நீங்க திரும்பி வர்ற ட்ரிப்புக்கு ஸ்டாப்புல நிப்பேன். நிக்கலேன்னா பாயை ஹார்ன் அடிக்கச் சொல்லுங்க."

எனக்கு எரிச்சலாக இருக்கும். போகிற காரியத்தை இப்படித் தம்பட்டம் அடித்தால் விளங்குமா? உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "வயசுப் பொண்ணு புருசன் வீட்டுக்குப் போறாப்புல சொல்லிட்டுப் போகுது" என்று ஒருநாள் ஒரு கிழவர் சொன்னார். அந்த அம்மா திரும்பி அவரையும் பார்த்து, "நீங்களும் ஞாபகம் வச்சுக்கங்க ஐயா, வண்டிப்பட்டறை ராமசாமி வீடு" என்றார்.

அவர் நன்னடத்தை ஆபீசர். முதல் தடவையாகக் குற்றம் செய்து மாட்டிக்கொண்டவனைச் சில வழக்குகளில் ஜெயிலுக்கு அனுப்பாமல், "இத்தனை காலம் ஒழுங்காக இருக்கிறேன்" என்று ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட்டு வீட்டுக்கு விட்டுவிடும். அவன் ஒழுங்காக இருக்கிறானா என்று வீடு தேடிப் போய்ப் பார்த்துக் கோர்ட்டுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இவர். பொம்பளைகளையும் சின்னப் பிள்ளைகளையும் பார்க்கத்தான் முதலில் இவரை எடுத்தார்களாம். ஆம்பளைக் கேஸ்களைப் பார்த்த ஆபீசர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வரும்வரை தற்காலிகமாக நீங்களே பாருங்கள் என்று இவர் தலையில் கட்டினார்கள். நம் நாட்டில் தற்காலிகம் என்று சொன்னதற்கு என்றைக்கு முடிவு இருந்திருக்கிறது? திருமயத்திலிருந்து கீரனூர் வரைக்கும் அடிதடிக்காரன், ஆடு திருடினவன், கள்ளச்சாராயம் காய்ச்சினவன் எல்லாரும் அந்த ஒரு குடைக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள்.

"ஒரு பியூனையாவது கூட அனுப்பச் சொல்லிக் கேக்கலாம்ல?" என்று காதர் பாய் ஒருநாள் கேட்டார்.

"கேட்டேன் பாய். பொம்பளைன்னு தனிச் சலுகை எதிர்பாக்காதீங்கன்னு மேல இருந்து பதில் வந்துச்சு."

பாய் ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டார். அந்த அம்மா சிரித்தார்.

அன்றைக்குத்தான் நானும் கேட்டேன். "அதுக்காக ஏம்மா இப்படிச் சத்தம் போட்டுச் சொல்றீங்க? கெளம்பும்போது சொல்லக்கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் கண்டக்டர். ஆனா சொல்லாமப் போயி நான் வராமப் போயிட்டா, எங்க வந்து தேடுவீங்க?"

அதற்குப் பிறகு நான் முகம் சுளிக்கவில்லை.

அவருடைய இன்னொரு பழக்கத்தை நானே என் கண்ணால் பார்த்தேன். கீரனூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய கேஸ்காரன் ஒருத்தன் வீடு இருந்தது. போனதும் அவனை முதலில் உட்காரச் சொல்லுவார். அவன் உட்கார்ந்த பிறகுதான் பேச்சே. கடைசிவரை இவர் வாசலுக்கு வெளியே, குடையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே பேசுவார். வீட்டுப் பெண்களை வெளியே வரச் சொல்லிக் கூட வைத்துக்கொள்வார். எவ்வளவு கூப்பிட்டாலும் உள்ளே போகமாட்டார். "ஆபீசரம்மாவுக்கு எம்புட்டு மரியாதை பாருங்க, நம்மள உக்கார வச்சுட்டு அவுக நிக்கிறாக" என்று அந்த ஆள் பெருமையாக என்னிடம் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரிடமே சொல்லவும் செய்தேன்.

"மரியாதை இல்ல கண்டக்டர். உக்காந்திருக்கிற ஆளு எந்திரிக்கக் கொஞ்ச நேரம் ஆகுமில்ல? அதுக்குள்ள நான் ரெண்டு எட்டு வச்சிருவேன்" என்றார், வேர்க்கடலையை உரித்துக்கொண்டே.

பயந்த சுபாவம் என்று இதைக் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்குத் தெரிந்து அவ்வளவு பயத்தோடு அவ்வளவு வீடுகளுக்குப் போன ஆள் வேறு யாரும் இல்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். குடையில் பல் பதிந்த இடத்தை எனக்குக் காட்டினார். ஒருத்தன் திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டுக்கு எதிரே வந்து, ஒன்றும் பேசாமல், காலையிலிருந்து வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுப் போனான். அவருடைய அப்பா, வயதானவர், அன்று முழுவதும் சாப்பிடவில்லையாம். மறுநாள் இவர் அவன் வீட்டுக்கே போய், "நேத்து வந்திருந்தீங்களே, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு வந்தார். பஸ்ஸில் அதைச் சொல்லும்போது டிக்கெட்டைக் கீழே போட்டுவிட்டார், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இந்தச் சொல்லிவிட்டுப் போகிற வழக்கத்துக்கும் ஒருநாள் முடிவு வந்தது.

செல்லையா என்று ஒரு பார வண்டிக்காரன். நார்த்தாமலைக்குப் பக்கத்து ஊர். திருவிழாத் தகராறில் ஒருவனைக் கம்பால் அடித்துவிட்டு இவருடைய பார்வையில் இருந்தான். ஒருநாள் திருக்கோகர்ணத்து ஸ்டாப்பில் இவருக்காகக் காத்துக்கொண்டு நின்றான். சண்டை பிடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்து நான் கீழே இறங்கினேன். அவன் குரலே எழும்பவில்லை.

"அம்மா, போன மாசம் பஸ்ஸுல எம்பேரச் சொல்லி எங்க வீட்டுக்குப் போறேன்னீங்களாம். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரரு ஒருத்தரு அதுல இருந்திருக்காரு. கேஸ்காரன் வீட்டுல பொண்ணு எடுக்கமாட்டோம்னு சொல்லி அனுப்பிட்டாக. எந் தங்கச்சி ரெண்டு நாளாப் படுத்தே கெடக்கு. நான் பண்ணுனதுக்கு அது என்னம்மா செய்யும்?"

அந்த அம்மா பஸ்ஸில் ஏறினார், ஊரை மட்டும் சொல்லி டிக்கெட் வாங்கினார். அன்றிலிருந்து அவர் வாயில் எவன் பெயரும் வரவில்லை, எந்தத் தெருவும் வரவில்லை. "கீரனூர் ஒண்ணு", "நார்த்தாமலை விலக்கு ஒண்ணு", அவ்வளவுதான். மற்றவர்களைப் போலவே ஆகிவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "என் காதுல மட்டுமாவது சொல்லுங்கம்மா" என்று கேட்க வாய் வரைக்கும் வரும். கிளம்புகிறவரிடம் கேட்கக்கூடாதே என்று விழுங்கிவிடுவேன். அவரே சொன்ன காலத்தில் மறந்தே போயிருந்த சகுனமெல்லாம், அவர் நிறுத்திய பிறகு எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. பழக்கம் மனிதனை அப்படித்தான் முட்டாளாக்கி வைக்கிறது.

ஒரு நாள் காலை ட்ரிப்பில், ஊருக்குப் பாதை பிரிகிற நார்த்தாமலை விலக்கில் இறங்கினார். இறங்கும்போது ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பின்னால் போட்டி பஸ் வந்துவிட்டது. விசில் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது விலக்கில் குடை இல்லை.

ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். செல்லையாவும் ஏறினான், கூட வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர். நான் விசில் கொடுக்கவில்லை. காதர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஆபீசரம்மா?"

"காணோம் பாய்."

அவர் ஹார்ன் ரப்பரைப் பிடித்து அழுத்தினார். பாங்... பாங்... விலக்கைச் சுற்றியிருந்த பாறைகளில் மோதி அது திரும்பி வந்தது. யாரும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினார். போட்டி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அதன் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேலியாகக் கையை ஆட்டினான். உள்ளே முணுமுணுப்பு ஆரம்பித்தது. "வண்டிய எடுங்கய்யா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்." "அந்தம்மா வேற வண்டியில போயிருக்கும்." வேறு வண்டியில் போகிற அம்மா இல்லை அது என்று எனக்கும் பாய்க்கும்தான் தெரியும்.

இறங்கி ரோட்டில் நின்றேன். ஒரு பக்கம் ஊருக்குப் போகிற பாதை. இன்னொரு பக்கம் கல் குவாரிக்குப் போகிற வண்டித்தடம், அதை ஒட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். எந்தப் பக்கம் போவது? யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? "எங்க வந்து தேடுவீங்க?" என்று அவர் கேட்டது காதில் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்கக் கத்தினேன்: "அந்தம்மா எங்கிட்டுப் போனாங்கன்னு பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களாய்யா?"

செல்லையா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கழுத்து வேர்த்திருந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளை வேட்டிக்காரர் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. செல்லையா தங்கைக்கு வேறு இடத்தில் பேசி முடித்து, அந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவான இவரோடு ஜவுளி எடுக்கப் போய்க்கொண்டிருந்தானாம்; கேஸ் விஷயம் அவருக்குத் தெரியாதாம். அந்த அம்மா மேல் அவனுக்கு இருந்த கோபத்துக்கு, சும்மா இருந்தாலே போதும்.

பாய் மூன்றாம் தடவை ஹார்னை அழுத்தினார். செல்லையா எழுந்து நின்றான்.

"நான் பாத்தேன். காலையில குவாரிப் பக்கம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தப்பப் பாத்தேன். கருப்பையா வீட்டுக்குப் போனாக."

"ஒனக்கு அந்தம்மாவ எப்படித் தெரியும்?" என்று பெரியவர் கேட்டார்.

செல்லையா அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான். "நானும் கேஸ்காரன்தான் மாமா. எனக்கும் அவுகதான் ஆபீசரு."

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஓடத் தொடங்கிவிட்டேன், வழி காட்டச் செல்லையாவும் கூட ஓடி வந்தான்.

கருப்பையா கல்லுடைக்கிறவன். கூலித் தகராறில் ஒருவன் தோள்பட்டையை உடைத்துவிட்டு நன்னடத்தையில் இருந்தான். இப்போது பாறை மறைவில் சாராயம் காய்ச்சுகிறான் என்று பேச்சு. வீடு குவாரி விளிம்பில் தனியாக இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அந்த அம்மாவின் செருப்பு மட்டும் கிடந்தது.

அவன் நிலைப்படியில் குறுக்கே படுத்திருந்தான். தலை ஒரு பக்க நிலைக்காலில், கால் மறுபக்க நிலைக்காலில். பக்கத்தில் கடப்பாறை. கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, மத்தியான உறக்கத்துக்குப் படுத்தவன் மாதிரி சாவகாசமாகக் கிடந்தான். உள்ளே இருட்டில், சுவரோடு ஒட்டி அந்த அம்மா நின்றார். குடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் சொல்வதையே சொன்னேன். "அம்மா, வண்டி நிக்கிது. வாங்க."

"பேசிக்கிட்டு இருக்கோம்ல? போய்யா" என்றான் கருப்பையா, படுத்தபடியே. "நான் என்ன அவுகளத் தொட்டேனா? புடிச்சு வச்சிருக்கேனா? என் வீட்டு வாசப்படியில நான் படுத்திருக்கேன். போறதுன்னாத் தாண்டிப் போகட்டும்."

படுத்திருக்கிற ஆளைத் தாண்டுவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய தப்பு என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவன் கை கடப்பாறைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. நான் முன்னால் ஓரடி வைத்தேன். அவன் விரல்கள் இரும்பைத் தொட்டன. நின்றுவிட்டேன்.

செல்லையா என்னைத் தாண்டிப் போய், அவன் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தான்.

"கருப்பையாண்ணே, எந்திரிங்க. எனக்குக் கோர்ட்டு போட்ட கெடு முடியப் போகுது. ஒங்களுக்கும் முடிஞ்சிரும். பாய் ஹார்ன் அடிக்கிறது கேக்குதுல்ல? இன்னும் கொஞ்ச நேரம் அடிச்சா பஸ்ஸே எறங்கி இங்க வந்துரும். அப்புறம் எம்புட்டு பேரண்ணே ஒங்களுக்கு எதிராச் சாட்சி சொல்லுவாக?"

ஹார்ன் விடாமல் கேட்டது. எங்களுக்குப் பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். வெள்ளை வேட்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சத்தம் போட்டவரும் இன்னும் சிலரும்.

கருப்பையா மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். காலை மடக்கினான். ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி உண்டானது.

அந்த அம்மா வெளியே வந்தார். ஓடவில்லை. முற்றத்தில் நின்று செருப்பைக் காலில் மாட்டினார். இரண்டு தடவை தவறியது. பிறகு அவனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நான் சொன்னதுல மாத்தம் இல்ல. கோர்ட்டுல உள்ளதத்தான் சொல்லுவேன். அடுத்த மாசம் வருவேன்."

பஸ்ஸில் ஒரு பெண் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்து நடந்ததைச் சொன்னார். ஆத்தாவுக்கு உடம்பு முடியவில்லை, உள்ளே வந்து பாருங்கள் என்று கருப்பையா அழைத்திருக்கிறான். ஒரு பொம்பளை சீக்காய்க் கிடக்கிறாளே என்று அன்றைக்கு மட்டும் படி தாண்டியிருக்கிறார். உள்ளே யாரும் இல்லை. ஒழுங்காக இருக்கிறான் என்று கோர்ட்டில் சொல்வதாகச் சத்தியம் செய், வழி விடுகிறேன் என்று குறுக்கே படுத்திருக்கிறான்.

"சொல்லிட்டு வெளிய வந்திருக்கலாமேம்மா?" என்றேன்.

"சொன்னா அடுத்த வீட்டுக்காரனும் குறுக்க படுப்பான் கண்டக்டர். எல்லா வீட்டுக்கும் நான் ஒருத்திதான போகணும்?" பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "ஹார்ன் கேட்டுச்சு. மொதல்ல தைரியமா இருந்துச்சு. அப்புறம், நிறுத்திட்டுப் போயிருவீங்களோன்னு பயமா இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு நெனச்சேன்."

காதர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

அந்த அம்மா நடந்ததை மேலதிகாரிகளிடம் சொன்னார். "தொட்டானா?" என்று கேட்டார்களாம். இல்லை. "அடிச்சானா?" இல்லை. "அப்போ நீங்க ஏன் உள்ள போனீங்க?" அத்தோடு விசாரணை முடிந்தது. இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்றுவரை அடங்கவில்லை. எங்கள் முதலாளி வண்டி தாமதமானதற்கு எங்கள் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவராவது வாங்கிவிட்டு, "அந்தம்மா நல்லா இருக்குல்ல?" என்று கேட்டார். மேலே இருந்தவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் திருக்கோகர்ணத்தில் ஏறி, "நார்த்தாமலை விலக்கு ஒண்ணு" என்றார். நான் டிக்கெட்டைக் கிழிக்கவில்லை.

"எங்கம்மா போறீங்க?" என்று கேட்டேன்.

பஸ்ஸில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா தயங்கினார். பெயரைச் சொல்லக்கூடாது என்ற தயக்கம் அது, எனக்குப் புரிந்தது. "போன மாசம் போன எடத்துக்குத்தான்" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் அதுவே வழக்கமானது. நான் கேட்பேன், அவர் ஆள் பெயரைச் சொல்லாமல், எந்தப் பாதை, எந்த மரம், எத்தனையாவது வீடு என்று என் காதில் சொல்லுவார். நான் போய்ப் பாயின் காதில் சொல்லுவேன். கருப்பையாவுக்குக் கோர்ட்டில் என்ன ஆனதென்றால், அவர் உள்ளதைச் சொன்னார், அவன் உள்ளே போனான்.

செல்லையாவின் தங்கை கல்யாணம் நின்றுபோகவில்லை. வெள்ளை வேட்டிக்காரரே முன்னால் நின்று நடத்தினார். ஆபீசரம்மாவுக்கும் பத்திரிகை வந்தது. அவர் போகவில்லை. "நான் போயி நின்னா, இவுக யாருன்னு நாலு பேரு கேப்பாங்கள்ல?" என்றார். கேட்டபோது வருத்தமாகத்தான் சொன்னார்.

சில வருஷம் கழித்து அவருக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்தது. அந்த ஊர் பஸ்ஸில் யார் கண்டக்டரோ, கேட்கிறானோ இல்லையோ என்று நான் கொஞ்ச காலம் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். போகும்போது அந்தக் குடையைக் காதர் பாயிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாய்ப் பல் பதிந்த குடை. பாய் மழைக்குக்கூட அதை விரித்ததில்லை.

அவர் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். படிப்பு முடித்த கையோடு வந்தவள், முகத்தில் இந்த வேலையின் களைப்பு இன்னும் ஏறியிருக்கவில்லை. முதல் நாள் காலையில், நெற்றியில் விபூதியோடு, வலது காலை எடுத்து வைத்து பஸ்ஸில் ஏறினாள். "நார்த்தாமலை விலக்கு ஒண்ணு" என்றாள்.

"எங்கம்மா போறீங்க? யார் வீட்டுக்கு?"

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. "என்னங்க கண்டக்டர், மொத நாள் கெளம்புறப்பவே இப்படிக் கேக்குறீங்களே? வெளங்குமா?"

"வெளங்கணும்னுதாம்மா கேக்குறேன். சொல்லுங்க" என்றேன். அவள் சொல்லுகிறவரை நான் விசில் கொடுக்கவில்லை.